எழுத்தில் உள்ள விதியும் நடுவரின் நிதானமும்: பேஸ்போல் தீர்ப்புகளும் வன்னி மைதானங்களும்

வாசகர் கேள்வி, 1 யூன் 2024

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மென்பந்து அணிக்குத் தலைவராக இருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு பேஸ்போல் போட்டி விதிப் புத்தகத்தின் ஒரு வரியால் முடிந்துபோனதாகவும், நடுவருக்குப் பொதுப்புத்தி இல்லை என்று எல்லோரும் திட்டுவதாகவும் பார்த்தேன். எனக்கு அந்தக் கோபம் விளங்கவில்லை. எழுதியதை எழுதியபடி செய்வதுதானே நடுவரின் கடமை? பொதுப்புத்திக்கு ஒருமுறை இடம் கொடுத்துவிட்டால், அது முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்தான் போய் முடியும். சேர் நீண்டகாலம் நடுவராக நின்றவர் என்பதால் கேட்கிறேன்.

2 யூன் 2024

தம்பி சொல்லும் போட்டி கடந்த மே 23 அன்று சிக்காகோவில் வைற் சொக்ஸ் அணிக்கும் பால்ற்றிமோர் ஓரியோல்ஸ் அணிக்கும் இடையில் நடந்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் அன்றே அழைத்து அரை மணித்தியாலம் அதைப் பற்றித்தான் பேசினார். பேஸ்போலை எனக்குக் கற்றுத் தந்தவரும் அவர்தான்.

நடந்ததை முதலில் விளங்கிக்கொள்வோம். பேஸ் என்பது ஓட்டக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டு ஓட வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று, மூன்று பேர் ஆட்டமிழந்தால் அணியின் முறை முடியும். பேஸ்போலில் இன்பீல்ட் பிளை என்றொரு விதி உண்டு. முதலாம், இரண்டாம் பேஸ்களில் ஓட்டக்காரர்கள் நிற்கும்போது, இரண்டு பேர் ஆட்டமிழப்பதற்கு முன்னர், உள்வட்டக் களத்தடுப்பாளர் சாதாரண முயற்சியோடு பிடிக்கக்கூடிய பந்து உயரக் கிளம்பினால், அவர் அதைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அடித்தவர் ஆட்டமிழந்தவராவார். அப்படி ஒரு விதி இல்லாவிட்டால், களத்தடுப்பாளர் பந்தை வேண்டுமென்றே கீழே விட்டுவிட்டு, பிடித்துவிடுவார் என்று நம்பிப் பேஸிலேயே நின்ற இரண்டு ஓட்டக்காரரையும் ஆட்டமிழக்கச் செய்துவிடலாம். ஆகவே இது தந்திரத்தைத் தடுப்பதற்காகவும் ஓட்டக்காரரைக் காப்பதற்காகவும் பிறந்த விதி.

அன்று கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் ஓரியோல்ஸ் 8க்கு 6 என்று முன்னிலையில் இருந்தது. ஒருவர் ஆட்டமிழந்திருந்தார். பந்து உயரக் கிளம்பியது, நடுவர் இன்பீல்ட் பிளை என்று அறிவித்தார். அந்தக் கணத்திலேயே அடித்தவர் ஆட்டமிழந்துவிட்டார். இரண்டாம் பேஸின் ஓட்டக்காரரான அன்ட்ரூ வோன் பேஸுக்குத் திரும்பும் வழியில், பந்தைப் பிடிக்க வந்த கணர் ஹென்டர்சனின் பாதையில் குறுக்கிட்டார். ஹென்டர்சன் பந்தைச் சிரமமின்றிப் பிடித்தார். ஆனாலும் களத்தடுப்பாளருக்கு இடையூறு செய்தார் என்று வோனும் ஆட்டமிழந்தவராக அறிவிக்கப்பட, ஆட்டம் முடிந்தது. இடையூறு பற்றிய விதியில் நோக்கம் என்ற நிபந்தனை கிடையாது என்பதால், வேண்டுமென்றே செய்யவில்லை என்று வாதிட இடமில்லை. நடுவர் தன் நிதானத்தைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று லீக் தரப்பு பின்னர் வைற் சொக்ஸுக்குத் தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன.

என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடையூறு என்றால் ஏதோ ஒன்று தடைப்பட்டிருக்க வேண்டும். அடித்தவர் ஏற்கெனவே ஆட்டமிழந்துவிட்டார், பந்தும் பிடிக்கப்பட்டுவிட்டது. அங்கே எந்த அணி எதை இழந்தது என்ற கேள்விக்கு விடை இல்லாதபோது தண்டனைக்கும் இடமில்லை. ஆனால் தம்பியின் பயம் நியாயமானது. அதை ஒரே குறிப்பில் தள்ளிவிட முடியாது.

4 யூன் 2024

பேஸ்போல் உலகில் இந்த வாதத்திற்கு மூல வழக்கு என்று சொல்லத்தக்கது 1983 யூலை 24 அன்று நியூயோர்க்கில் நடந்தது. கன்சாஸ் சிற்றி ரோயல்ஸ் அணியின் ஜோர்ஜ் பிரெட், யாங்கீஸ் அணி 4க்கு 3 என்று முன்னிலையில் இருந்தபோது, ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் ஆட்டமிழந்திருந்த நிலையில், ஒரு ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து இரண்டு ஓட்டங்களைப் பெற்றுத் தன் அணியை 5க்கு 4 என்று முன்னே கொண்டுவந்தார். உடனே யாங்கீஸ் முகாமையாளர் பில்லி மார்ட்டின் நடுவரிடம் வந்து, பிரெட்டின் மட்டையில் பைன் மரத் தார் அளவுக்கு மேல் பூசப்பட்டிருப்பதாக முறையிட்டார். பிடி வழுக்காமலிருக்கப் பூசும் அந்தத் தார், கைப்பிடி முனையிலிருந்து 18 அங்குலத்திற்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அடிப்பவருக்குப் பக்கத்தில் நிலத்தில் பதிக்கப்பட்ட ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். நடுவர்கள் மட்டையை அதன்மேல் கிடத்தி அளந்தார்கள். தார் எல்லையைத் தாண்டியிருந்தது. நடுவர் டிம் மக்லெலண்ட் பிரெட்டை ஆட்டமிழந்தவராக அறிவித்தார். ஹோம் ரன் போனது, ஆட்டமும் போனது. பிரெட் கைகளை விரித்துக்கொண்டு நடுவரை நோக்கிப் பாய்ந்து வந்த காட்சியை இன்றும் காணொளியில் பார்க்கலாம்.

ரோயல்ஸ் அணி முறைப்படி எதிர்ப்பைப் பதிவு செய்தது. அமெரிக்கன் லீக்கின் தலைவர் லீ மக்பெயில் நான்கு நாள்களின் பின்னர் அந்த எதிர்ப்பை ஏற்றுக்கொண்டார். தார் பந்தைத் தொலைவுக்குப் பறக்க வைப்பதில்லை. அந்த எல்லை வகுக்கப்பட்டது பந்துகள் அழுக்காகி அடிக்கடி மாற்றப்படுவதைத் தவிர்ப்பதற்காகவே. அத்தகைய மட்டையை ஆட்டத்திலிருந்து அகற்ற வேண்டுமே தவிர, அடித்ததை இல்லாமற்செய்வது விதியின் நோக்கமன்று என்பது அவருடைய நிலைப்பாடு. ஹோம் ரன் திரும்பக் கிடைத்தது. ஆகஸ்ட் 18 அன்று அந்த இடத்திலிருந்து ஆட்டம் தொடர, ரோயல்ஸ் அதே 5க்கு 4 என்ற கணக்கில் வென்றது.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிவது இதற்குப் பின்னர் நடந்ததுதான். மட்டையில் தார் கூடியிருப்பதைப் பற்றிய ஆட்சேபத்தை அந்த மட்டை பயன்படுத்தப்படுவதற்கு முன்னரே எழுப்ப வேண்டும், அடித்து முடிந்த பின்னர் அதைக் காரணம் காட்டி ஒருவரை ஆட்டமிழக்கச் செய்ய முடியாது என்று விதிப் புத்தகத்திலேயே விளக்கம் சேர்த்தார்கள். ஒரு மனிதரின் பொதுப்புத்தி எழுத்தாகியது. அடுத்த நடுவர் மக்பெயிலைப் போல யோசிக்க வேண்டிய தேவை இல்லாமற்போனது.

4 யூன் 2024, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. ஆகஸ்ட் 18 அன்று ஆட்டம் தொடங்கியதும், பிரெட்டும் அவருக்கு முன்னே ஓடியவரும் பேஸ்களைத் தொடவில்லை என்று யாங்கீஸ் தரப்பு புதிய முறையீட்டைக் கொண்டுவந்தது. யூலையில் நின்ற நடுவர்கள் வேறு, அன்று நின்றவர்கள் வேறு என்பதால், அன்றைய நடுவர்களால் பதில் சொல்ல முடியாது என்பது மார்ட்டினின் கணக்கு. ஆனால் நடுவர் டேவ் பிலிப்ஸிடம், எல்லாப் பேஸ்களும் தொடப்பட்டன என்று யூலை மாத நடுவர்கள் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசி தயாராக இருந்தது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு வருபவரை எழுத்தாலேயே எதிர்கொள்ளும் முன்யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

7 யூன் 2024

கிளிநொச்சிப் பக்கத்தில் விலகல் முறையில் நடந்த ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டியில் நான் நடுவராக நின்றேன். சுற்றுப்போட்டி விதிமுறைத் தாளில், சீருடையும் சப்பாத்தும் அணியாதவர் களமிறங்க முடியாது என்று அச்சிட்டிருந்தார்கள். ஓர் அணியில் ஆறாவதாகத் துடுப்பெடுத்தாட வந்த பொடியன் வெறுங்காலோடு வந்தான். அதுவரை அவன் வெறுங்காலோடுதான் களத்தடுப்பிலும் நின்றான், இரண்டு ஓவர்கள் பந்தும் வீசினான். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் இரண்டு ஆறு ஓட்டங்களை அடித்த பின்னர்தான் எதிரணித் தலைவர் விதிமுறைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவன் பெற்ற ஓட்டங்களை நீக்கி, அவனை ஆட்டமிழந்தவனாக அறிவிக்க வேண்டும் என்றார்.

அந்த நேரத்தில் பிரெட்டின் கதை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தலைவரிடம் நான் கேட்டது ஏறத்தாழ அதேதான். நாணயச் சுழற்சியின்போது அவன் உங்களுக்கு முன்னால்தானே நின்றான், அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. சப்பாத்து விதி கடினப்பந்துப் போட்டிகளின் தாளிலிருந்து பிரதி பண்ணப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அங்கே அதற்கு வலுவான காரணம் உண்டு. ரெனிஸ் பந்தால் ஆடும் போட்டியில் அந்தக் காரணம் மிகவும் மெலிந்துவிடுகிறது. மேலும், தாளில் இருந்த தண்டனை களமிறங்க முடியாது என்பது மட்டுமே. ஓட்டங்களை நீக்கலாம் என்று எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாத தண்டனையை நான் உருவாக்க மாட்டேன் என்று சொல்லி ஆட்டத்தைத் தொடரச் செய்தேன்.

அந்தப் பொடியன் அன்று யாருடைய சப்பாத்தையாவது இரவல் வாங்கிப் போட்டிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். போர் முடிந்து மக்கள் மீளக் குடியமர்ந்துகொண்டிருந்த காலம் அது. வீடே தகரக் கொட்டிலாக இருந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் சப்பாத்தைக் கேட்கும் விதியை யார் எழுதினார் என்பதுதான் எனக்கு அன்றும் இன்றும் கேள்வி.

8 யூன் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், “நீங்கள் இரக்கத்தால் தீர்ப்புச் சொல்லிவிட்டு இப்போது காரணம் தேடுகிறீர்கள்” என்று எழுதியிருக்கிறார். கடுமையான வார்த்தை, ஆனால் பதில் சொல்ல வேண்டியது. நாணயச் சுழற்சிக்கு முன்னர் அந்த ஆட்சேபம் வந்திருந்தால், என் இரக்கம் எவ்வளவாக இருந்தாலும், விதியை உள்ளபடி நடைமுறைப்படுத்த வேண்டியிருந்திருக்கும். அல்லது இரு தலைவர்களின் சம்மதத்தோடு இரு அணிக்கும் அதைத் தளர்த்தியிருப்பேன். ஓர் அணிக்காக மட்டும் தளர்த்தியிருக்க மாட்டேன்.

9 யூன் 2024

பொதுப்புத்தியின் பக்கம் நிற்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் இன்னொரு வழக்கு 1908ஆம் ஆண்டினுடையது. நான் அதை அவர்களைப் போல விளங்கிக்கொள்ளவில்லை.

1908 செப்டெம்பர் 23 அன்று நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியும் சிக்காகோ கப்ஸ் அணியும் 1க்கு 1 என்று சமநிலையில் இருந்தன. கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் ஆட்டமிழந்திருக்க, ஜயன்ற்ஸ் வீரர் ஒருவர் அடித்த அடியில் மூன்றாம் பேஸிலிருந்தவர் ஓடிவந்து வெற்றி ஓட்டத்தைப் பெற்றார். பார்வையாளர் களத்திற்குள் இறங்கிவிட்டார்கள். முதலாம் பேஸில் நின்ற 19 வயது பிரெட் மேர்க்கிள், ஆட்டம் முடிந்துவிட்டது என்று இரண்டாம் பேஸைத் தொடாமலே வெளியேறினார். அக்காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் கப்ஸ் வீரர் ஜொனி எவேர்ஸ் பந்தோடு இரண்டாம் பேஸைத் தொட்டு, மேர்க்கிள் ஆட்டமிழந்ததாகக் கோரினார். அடித்தவர் ஓடிவருவதால் முன்னே நிற்பவர் அடுத்த பேஸுக்குப் போயே ஆக வேண்டியது கட்டாய ஓட்டம். மூன்றாவது ஆட்டமிழப்பு அப்படிக் கட்டாய ஓட்டத்தில் நிகழ்ந்தால் ஓட்டம் எண்ணப்படாது என்பது விதி. நடுவர் ஹாங்க் ஓடே அதை ஏற்றார். ஆட்டம் சமநிலை என்று முடிந்தது. பருவ இறுதியில் இரு அணிகளும் சமமாக நின்றதால் ஒக்ரோபர் 8 அன்று மறுபோட்டி நடந்தது. கப்ஸ் 4க்கு 2 என்று வென்று சம்பியன் பட்டத்தை எடுத்துச் சென்றது. மேர்க்கிளின் பெயர் வாழ்நாள் முழுவதும் அந்தத் தவறோடு சேர்த்தே சொல்லப்பட்டது.

விதியின் எழுத்து சரி. விதியின் நோக்கமும் சரிதான், ஓட்டக்காரர் அடுத்த பேஸை அடைய வேண்டும் என்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அநியாயம் இருப்பது வேறிடத்தில். அதே மாதம் 4ஆம் திகதி பிற்ஸ்பேர்க்கில் இதே எவேர்ஸ் இதே கோரிக்கையை இதே ஓடேயிடம் முன்வைத்தபோது, தான் அதைப் பார்க்கவில்லை என்று ஓடே நிராகரித்தார். லீக் தலைவர் ஹரி புல்லியமும் கப்ஸின் எதிர்ப்பைத் தள்ளுபடி செய்தார். ஆக, செப்டெம்பர் 4 அன்று வழக்கம் வென்றது, செப்டெம்பர் 23 அன்று எழுத்து வென்றது. இடையில், இனிமேல் எழுத்தின்படிதான் நடக்கும் என்று எல்லா அணிகளுக்கும் லீக் சொல்லியிருக்க வேண்டும். அந்த அறிவித்தல் இல்லாததால் 19 வயதுப் பொடியன் ஒருவன் விலை கொடுத்தான்.

எனவே தம்பியின் கேள்வியை நான் இப்போது வேறு மாதிரி வைக்கிறேன். எழுத்தா, பொதுப்புத்தியா என்பதைவிட, எது நடைமுறையில் இருக்கப்போகிறது என்பது ஆடுபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா என்பதே பெரிய கேள்வி.

10 யூன் 2024

சிறு குறிப்பு. சோளகம் தொடங்கிவிட்டது. நேற்று மாலை நடந்த ஆட்டத்தில் பெயில்ஸ் விக்கெட்டின்மேல் நிற்கவே இல்லை. பந்து வீச முன்னரே காற்று தட்டிக்கொண்டு போனது. கிரிக்கெற் விதி 8 இதற்கு இடம் வைத்திருக்கிறது. நடுவர்கள் இருவரும் இணங்கினால் பெயில்ஸ் இல்லாமல் ஆடலாம், ஆனால் ஒரு முனையில் எடுத்தால் மறுமுனையிலும் எடுத்துவிட வேண்டும். நல்ல விதி ஒன்று பொதுப்புத்திக்கு இடம் வைக்கும்போது எவ்வளவு கவனமாக வைக்கிறது என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வேன்.

13 யூன் 2024

பேஸ்போலில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம், ஆட்டம் தொடங்க முன்னர் இரு அணிகளின் தரப்பினரும் நடுவர்களும் ஹோம் பிளேட்டருகே கூடுவது. அங்கே வீரர் பட்டியல் பரிமாறப்படுகிறது, அந்த மைதானத்திற்கே உரிய விதிகள் பேசப்படுகின்றன. பேஸ்போல் மைதானங்கள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதில்லை. சிக்காகோவின் றிக்லி மைதானச் சுவரில் ஐவிக் கொடி படர்ந்திருக்கிறது. பந்து கொடிக்குள் சிக்கினால் களத்தடுப்பாளர் கைகளை உயர்த்திக் காட்டுவார், அடித்தவருக்கு இரண்டு பேஸ்கள் கிடைக்கும். இங்கிலாந்தில் கன்ரபரி கிரிக்கெற் மைதானத்தின் எல்லைக்கோட்டுக்குள்ளேயே ஒரு லைம் மரம் (லிண்டன் வகை) நின்றது. 2005இல் காற்றில் சாயும்வரை, அதில் பந்து பட்டால் நான்கு ஓட்டங்கள்.

வன்னியில் எத்தனை மைதானங்களில் எல்லைக்கோட்டுக்குள் பனை நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் குளக்கட்டு, மறுபக்கம் யாரோ ஒருவரின் வளவு வேலி. இவை எதையும் விதிப் புத்தகம் அறியாது, அறியவும் முடியாது. ஆனால் நாணயச் சுழற்சிக்கு முன்னர் எல்லைகளையும் தடைகளையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்று அது சொல்கிறது. அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளாமல் நேரே ஆட்டத்தைத் தொடங்குவதால்தான் எங்கள் பிணக்குகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

இரணைமடுவில் சிறுபோகத்திற்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடப்பதைக் கமக்காரர் எல்லோரும் அறிவார்கள். குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்து, எவ்வளவு ஏக்கர், எந்தத் திகதியில் விதைப்பு, எப்போது வாய்க்கால் திறப்பு என்று அங்கே சண்டை பிடித்தாவது முடிவெடுக்கிறார்கள். விட்டுக்கொடுப்பு, இரக்கம், கடைமடைக் காணிக்காரரின் கஷ்டம் எல்லாவற்றையும் பேசும் இடம் அதுதான். வாய்க்கால் திறந்த பின்னர் ஒருவர் தனக்கு மட்டும் விலக்குக் கேட்டால், அது அடுத்தவரின் வயல் நீரைக் கேட்பதாகும். நடுவரின் நிதானத்துக்கும் உரிய இடம் அந்தக் கூட்டம்தான் என்று நினைக்கிறேன்.

16 யூன் 2024

அஞ்சலோ மத்தியூஸ் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். 2023 நவம்பர் 6 அன்று டில்லியில் பங்களாதேஷுக்கு எதிரான உலகக் கிண்ணப் போட்டியில், தலைக்கவசத்தின் பட்டி அறுந்ததால் மாற்றுக் கவசத்திற்காகக் காத்து நின்றவரை, இரண்டு நிமிடத்திற்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகவில்லை என்று ஆட்டமிழந்தவராக அறிவித்தார்கள். சர்வதேச கிரிக்கெற்றில் அவ்வாறு ஆட்டமிழந்த முதலாமவர் அவர். எங்கள் ஊர்க் கடைகளில் அன்று இரவு முழுவதும் அதே பேச்சுத்தான்.

பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் கேட்டார், நடுவர்கள் கொடுத்தார்கள். கேட்ட பின்னர் நடுவர்களுக்கு வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. கிரிக்கெற் இந்த விடயத்தில் பேஸ்போலிலிருந்து வேறுபடுகிறது. பேஸ்போலில் நிதானம் நடுவரிடமும் அவருக்கு மேலே லீக்கிடமும் இருக்கிறது. கிரிக்கெற்றில் அதை எதிரணித் தலைவரின் கையில் கொடுத்திருக்கிறோம், முறையீட்டை மீளப்பெறும் உரிமை அவருக்கே. 2012 பெப்ரவரியில் பிரிஸ்பேனில், பந்து வீச முன்னரே தன் கோட்டிலிருந்து முன்னேறிய இலங்கையின் லகிரு திரிமான்னவை இந்தியாவின் அஸ்வின் ஆட்டமிழக்கச் செய்தபோது, அன்றைய இந்தியத் தலைவர் சேவாக் அந்த முறையீட்டை மீளப்பெற்றார். அதைப் பெருந்தன்மை என்று பாராட்டினோம். ஷகிப் மீளப்பெறவில்லை, அவரைத் திட்டினோம்.

வெற்றிக்காக ஆடுகின்ற ஒருவரிடம் நீதிபதியின் வேலையையும் சேர்த்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதுகாப்புக் கவசம் பழுதானால் கடிகாரத்தை நடுவர் நிறுத்தலாம் என்று ஒரு வசனத்தை எழுதிவிட்டால் ஷகிப்பின் பெருந்தன்மை தேவைப்படாது. மத்தியூஸின் கோபத்தில் எனக்கு முழு அனுதாபம் உண்டு, ஆனால் அந்தக் கோபம் போக வேண்டிய முகவரி விதி எழுதுபவர்களுடையது.

20 யூன் 2024

இனி மறுபக்கம். பொதுப்புத்தி என்ற பெயரில் ஒரு விதியைத் தூங்க விட்டால் என்ன நடக்கும் என்பதையும் பேஸ்போல் காட்டியிருக்கிறது. பேஸ்களில் யாரும் இல்லாதபோது பந்தெறிபவர் 12 விநாடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் நெடுங்காலமாக இருந்தது. நடுவர்கள் அதை நடைமுறைப்படுத்தவே இல்லை எனலாம். சில விநாடிகளுக்காக ஒருவரைத் தண்டிப்பதா என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆட்டங்கள் நீண்டுகொண்டே போயின. 2022இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணித்தியாலம் 4 நிமிடம். 2023இல் எல்லோருக்கும் தெரியும்படி மைதானத்தில் கடிகாரத்தையே வைத்தார்கள். பேஸ்கள் வெறுமையாக இருந்தால் 15 விநாடி, ஓட்டக்காரர் இருந்தால் 20 விநாடி. அந்த ஆண்டில் சராசரி 2 மணித்தியாலம் 40 நிமிடமாகக் குறைந்தது.

கடிகாரத்திற்கு இரக்கம் கிடையாது. 2023 பெப்ரவரி 25 அன்று பயிற்சிக் காலப் போட்டி ஒன்றில், அற்லாண்டா பிரேவ்ஸ், பொஸ்ரன் ரெட் சொக்ஸ் அணிகள் 6க்கு 6 என்று நிற்க, எல்லாப் பேஸ்களிலும் ஓட்டக்காரர் நிற்க, இரண்டு ஸ்ட்ரைக், மூன்று போல் என்ற உச்சக்கட்டத்தில் (இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் அடிப்பவர் ஆட்டமிழப்பார், இன்னொரு போல் விழுந்தால் அவருக்குப் பேஸ் கிடைக்கும்), அடிப்பவரான கல் கொன்லி நேரத்துக்குத் தயாராகவில்லை என்று மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுக்கப்பட்டு ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அன்று நடுவரைத் திட்டியவர்களும் இருந்தார்கள். என்னால் திட்ட முடியவில்லை. புதிய விதியை எல்லோருக்கும் பழக்குவதற்காகவே பயிற்சிக் காலத்தில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். உச்சக்கட்டத்தில் தளர்த்தியிருந்தால், அது முக்கியமான நேரத்தில் செல்லாது என்பதைத்தான் வீரர்கள் கற்றிருப்பார்கள்.

எங்கள் பக்கத்திலும் ஒரு கடிகார விதி உண்டு. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடம் தாண்டினால் வராத அணி தோற்றதாகக் கருதப்படும் என்று பெரும்பாலான சுற்றுப்போட்டித் தாள்களில் இருக்கிறது. பேருந்து எப்போது வரும் என்று தெரியாத கிராமங்களிலிருந்து வரும் அணிகளுக்கு அது கொடுமையான விதி. ஒரு முறை ஒரு சுற்றுப்போட்டியில் ஏற்பாட்டாளர்கள் இரக்கப்பட்டு ஓர் அணிக்காக நீண்ட நேரம் காத்திருந்ததை நான் பார்த்தேன். அந்த அணி வந்து ஆடியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அன்றைய கடைசி ஆட்டம் மங்கலில் நடந்தது. மின்விளக்கு இல்லாத மைதானம். பந்து தெரியாமல் தோற்ற அணிக்கும் அந்தக் காத்திருப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரக்கத்துக்கு விலை உண்டு, அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் அந்த இடத்தில் நிற்காத மூன்றாமவர் என்பதை அன்று கண்டேன். தூரத்து அணிகளின் ஆட்டத்தைப் பிற்பகலில் வைத்து அட்டவணை போட்டிருந்தால் யாரும் யாருக்காகவும் இரங்க வேண்டியிருந்திருக்காது.

23 யூன் 2024

எழுத்து வேறு, நிதானம் வேறு என்று எண்ணி வாதிடுபவர்கள் 2012 ஒக்ரோபர் 5 அன்று அற்லாண்டாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அதுவும் இன்பீல்ட் பிளை விவகாரம். பிரேவ்ஸ் வீரர் அடித்த பந்து உயர்ந்து, வெளிக்களத்துப் புல்வெளியில் வெகுதூரம் போய் விழுந்தது. பின்னோக்கி ஓடிய சென் லூயிஸ் கார்டினல்ஸ் களத்தடுப்பாளர் கடைசிக் கணத்தில் விலகிவிட்டார், பந்து நிலத்தில் விழுந்தது. இடப்பக்க எல்லையில் நின்ற நடுவர் சாம் ஹோல்ப்றூக் இன்பீல்ட் பிளை என்று கையை உயர்த்தியிருந்தார். பார்வையாளர்கள் போத்தல்களை வீசினார்கள், ஆட்டம் நின்றது.

விதியில் தூரம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. உள்வட்டக் களத்தடுப்பாளர் சாதாரண முயற்சியோடு பிடிக்கக்கூடியது என்று மட்டும் இருக்கிறது. சாதாரண முயற்சி எது என்பதை யார் அளப்பது? எழுத்தை அப்படியே நடைமுறைப்படுத்துவேன் என்று சொல்பவரும் அந்த இடத்தில் தன் நிதானத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் எழுத்தே அதைக் கோருகிறது. அங்கே என் கருத்து, விதி எதைத் தடுக்கப் பிறந்ததோ அதை அளவுகோலாக வைக்க வேண்டும் என்பதுதான். அவ்வளவு தூரத்தில், திரும்பி ஓடிக்கொண்டிருந்தவர் பந்தை வேண்டுமென்றே விட்டு இருவரை ஆட்டமிழக்கச் செய்யும் ஆபத்து மிகக் குறைவு.

24 யூன் 2024

ஒரு நண்பர் 2010 யூன் 2 அன்று டெற்றொயிற்றில் ஆர்மண்டோ கலராகாவுக்கு நடந்ததையும் இதில் சேர்க்கச் சொல்கிறார். ஒருவரையும் பேஸுக்குப் போகவிடாமல் 26 பேரை ஆட்டமிழக்கச் செய்தவர், 27ஆவது ஆளையும் ஆட்டமிழக்கச் செய்தார், ஆனால் நடுவர் ஜிம் ஜொய்ஸ் ஆட்டமிழப்பு இல்லை என்றார். பின்னர் காணொளியைப் பார்த்து அழுது, தன் தவறை ஒப்புக்கொண்டார். ஆணையாளர் தீர்ப்பை மாற்றவில்லை. மறுநாள் கலராகா ஜொய்ஸின் கையில் வீரர் பட்டியலைக் கொடுத்தார்.

அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது, ஆனால் அது இந்த விவாதத்திற்கு உரியதன்று. அங்கே விதியில் ஐயமில்லை, கண் பார்த்ததில்தான் பிழை. பிரெட்டின் வழக்கில் கண் பார்த்தது சரி, விதியை விளங்கிக்கொண்டதில்தான் பிழை. முதலாவதற்கு மருந்து காணொளி மீளாய்வு. இரண்டாவதற்குக் காணொளியால் ஒன்றும் செய்ய முடியாது.

27 யூன் 2024

கேள்வியைத் தொடங்கிய தம்பி மறுபடியும் எழுதியிருக்கிறார். முன்கூட்டியே பேசுவது சரி, ஆனால் யாருமே நினைத்துப் பார்க்காத ஒன்று ஆட்டத்தின் நடுவில் நடந்தால் நடுவர் என்ன செய்வார் என்பது அவருடைய கேள்வி. உதாரணமும் தந்திருக்கிறார். கடந்த மாதம் அவர்களுடைய ஆட்டத்தில் எல்லைக்கோட்டை நோக்கிப் போன பந்து, மைதானத்திற்குள் மேய்ந்துகொண்டிருந்த மாட்டின் காலில் பட்டு நின்றுவிட்டது. அடித்த அணி நான்கு ஓட்டம் கேட்டது, மற்ற அணி ஓடிய ஒரு ஓட்டம் மட்டுமே என்றது. அரை மணித்தியாலம் வாக்குவாதம்.

பேஸ்போல் விதிப் புத்தகம், விதிகளில் குறிப்பாகச் சொல்லப்படாத எந்த விடயத்திலும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை நடுவருக்குக் கொடுக்கிறது. இப்போதைய புத்தகத்தில் அது 8.01ஆவது விதியில் இருக்கிறது. அதிகாரம் இருக்கிறது என்பதற்காக அவர் விரும்பியதைச் செய்யலாம் என்று பொருளில்லை. மிக நெருங்கிய விதி எது என்று தேடி, அதன் நோக்கத்தைப் பின்பற்ற வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மாட்டுக்கு அந்த அளவுக்குப் போகவும் தேவையில்லை. 2022 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த கிரிக்கெற் விதித் திருத்தத்தில், களத்திற்குள் இருக்கும் ஆளாலோ விலங்காலோ வேறு பொருளாலோ ஏதாவது ஓர் அணிக்குப் பாதகம் ஏற்பட்டால் நடுவர் பந்தைச் செயலற்றது என்று அறிவிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நான் அங்கே நின்றிருந்தால் உடனே அப்படி அறிவித்து அந்தப் பந்தை மறுபடி வீசச் செய்திருப்பேன். நான்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அடித்த அணிக்கு மனவருத்தம் இருக்கும், ஆனால் பந்து எல்லையைத் தாண்டியிருக்கும் என்று ஊகித்து ஓட்டம் கொடுக்கும் வேலையை நடுவர் தொடங்கக்கூடாது.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னர், மாடு நின்றால் ஆட்டத்தை நிறுத்தித் துரத்திவிட்டுத்தான் அடுத்த பந்து என்று இரு தலைவர்களும் ஒத்துக்கொள்ளுங்கள். துரத்தும் ஆளை ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து நிறுத்தச் சொல்லுங்கள், களத்தடுப்பாளர் ஒருவர் அதற்காக இடம் மாறி ஓடக்கூடாது. ஓட்டப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதைத் திகதியோடு எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.